சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி 6 லட்சம் வருகிறது. முதியோர் இல்லத்தில் எதற்குச் செலவழிக்கலாம்?

கேள்வி: பாலக்கோடு இல்லப் பொறுப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் பொறுப்பாளராக இருக்கிறேன். 32 பேர் தங்கியிருக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலும் பென்னாகரம், மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். காடு கழனியில் பாடுபட்டவர்கள். பிள்ளைகள் பெங்களூரு, திருப்பூர் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். சிலருக்குப் பிள்ளையே இல்லை.

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு கம்பெனி ஒரு வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் தர ஒத்துக்கொண்டிருக்கிறது. கடிதத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்: தங்கியிருப்பவர்களின் வாழ்க்கைத் தரம் உயர வேண்டும், அரிசி பருப்பு, கரண்ட் பில், ஏற்கெனவே இருக்கும் ஊழியர் சம்பளம் இதற்கெல்லாம் பணத்தைத் தொடக்கூடாது. மாதக் கடைசிக்குள் திட்டம் எழுதித் தரவேண்டும்.

எங்கள் அறங்காவலர்கள் நல்லவர்கள்தான். அவர்கள் சொல்வது: பெரிய டிவி, கூடத்துக்கு டைல்ஸ், வாசலில் ஒரு வளைவு. எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது இருக்கும் டிவியையே யாரும் பார்ப்பதில்லை, சத்தம் மட்டும் ஓடுகிறது. மூன்று மணி டீ முடிந்தால் ஏழு மணி சாப்பாடு வரைக்கும் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் வரப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். அந்த நாலு மணி நேரத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதைத் திட்டமாக எப்படி எழுதுவது, ரூபாய்க் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. இது மாதிரி நிதி வாங்கி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பதில்: அரூர், ஓய்வுபெற்ற செவிலியர்

தங்கச்சி, முதலில் எதற்குச் செலவழிக்கக்கூடாது என்று பாருங்கள். இலவசமாகக் கிடைப்பதை நிதியில் வாங்காதீர்கள்.

பிரஷர், சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தை ஆரம்பித்ததே நம் பக்கம்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். தன்னார்வலர் பெண்கள் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார்கள், பிசியோதெரபிஸ்ட்டும் வருவார். உங்கள் இல்லம் அந்த லிஸ்டில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். வீடு வீடாகப் போகும்போது இல்லங்கள் விட்டுப்போவது உண்டு. ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது மிஷின், பல் செட், கண்ணாடி இவை மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கிடைக்கும். 60 வயது ஆகியிருக்கவேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கவேண்டும் அல்லது மாத வருமானம் 15,000-க்கு மிகாமல் இருக்கவேண்டும். முகாம் எப்போது என்று கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள்.

செலவழிக்க வேண்டிய இடம் கழிவறை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம், வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. உங்களிடம் இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் வாழ்நாளில் பெரும்பகுதி கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் குடித்தவர்கள். அதனால்தான் நம் ஊரில் இத்தனை பேருக்கு முதுகு விறைத்து, கழுத்து திரும்பாமல், முட்டி மடங்காமல் இருக்கிறது. வயசானால் வரும் வலிதான் என்று நினைத்துவிடுவோம், எல்லாமே அது இல்லை. விறைத்துப்போன மூட்டு இனிமேல் பழையபடி ஆகாது. ஆனால் குத்தவைத்து உட்காரும் கழிவறையில் அவர்கள் தினமும் படும் அவஸ்தையை நிறுத்தலாம். வெஸ்டர்ன் கோப்பை, இரண்டு பக்கமும் சுவரில் நன்றாகப் பதித்த கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் ராத்திரி விளக்கு. கம்பியைப் பதித்ததும் நீங்களே முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள்.

நான் வேலை செய்த காலத்தில், ராத்திரி எழுந்து போக பயந்துகொண்டு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காத ஆயாக்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி.

குடிக்கவும் சமைக்கவும் என்ன தண்ணீர் என்பதையும் பாருங்கள். குடிநீர் வாரிய லேபில் கொடுத்துப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருக்கவேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. போர் தண்ணீர்தான் கதி என்றால் ஆர்ஓ சுத்திகரிப்பு மிஷின் வாங்குவதில் தப்பே இல்லை.


பதில்: காவேரிப்பட்டணத்துக்காரி

அரூர் அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் ஒரு இல்லத்தில் மேலாளராக இருந்தபோது இதே மாதிரி ஒரு நிதி வந்தது. அதில் நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

இல்லத்தில் இருப்பவர்களைக் கேட்காமல் திட்டம் எழுதாதீர்கள். எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கியம். கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி, ஒண்ணும் குறையில்ல." குறை சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. சொந்த வீட்டில் ஒரு தடவை அது நடந்துதானே இங்கே வந்திருக்கிறார்கள். அதனால் கை வேலையாக இருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். நாங்கள் கடலைக்காய் மூட்டை வாங்கிப் போட்டோம். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தால் பேச்சு தானாக வரும். நாம் எதையும் எழுதிக்கொள்ளக்கூடாது, நோட்டைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வார்கள். ராத்திரி போய் எழுதிக்கொள்ளலாம்.

அப்படிக் கேட்டதில் வந்ததைச் சொல்கிறேன். டிவி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கோயில் சுற்றுலா என்றுகூட ரொம்பப் பேர் சொல்லவில்லை. முதலில் வந்தது களி. வாழ்நாளெல்லாம் கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்த உடம்புக்கு மூன்று வேளையும் இட்லி, சாதம், ரவை உப்புமா என்று போட்டுக்கொண்டிருந்தோம். நன்கொடை கொடுப்பவர்கள் களி போடச் சொல்வதில்லை, அதனால் எங்களுக்கும் தோன்றவில்லை. இரண்டாவது, பூட்டுப் போட்ட பெட்டி. பென்ஷன் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு தூங்குவார்கள், அதுவும் காணாமல் போகும், சண்டை வரும். மூன்றாவது, சந்தை.

சந்தையை நான் எதிர்பார்க்கவே இல்லை. போச்சம்பள்ளி சந்தைக்கு ஒரு தடவை கூட்டிப்போக முடியுமா என்று ஒரு ஆயாதான் ஆரம்பித்தார். கேட்டுப் பார்த்தால் நடக்க முடிந்த எல்லோருக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு வேன் பேசி, ஆளுக்கு 200 ரூபாய் கையில் கொடுத்தோம். கணக்குக் கேட்கமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அந்த ஆயா நேராகப் போய் நின்றது கருவாட்டுக் கடையில். ஒவ்வொன்றாக எடுத்து, வளைத்துப் பார்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இது போன மழைக்கு நனைஞ்ச சரக்கு, இதுக்குப் போயி இந்த வெலையா" என்று கடைக்காரரிடம் சண்டை. அவரும் விடவில்லை. கால் மணி நேரம் பேரம் நடந்தது. இல்லத்தில் அவர் குரல் இவ்வளவு உரக்க வந்து நான் கேட்டதே இல்லை. தாத்தாக்கள் ஆட்டுப் பக்கம் போய்விட்டார்கள். வாங்குவதற்கு இல்லை, பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வதற்கும், என்ன விலை போகிறது என்று விசாரிப்பதற்கும். ஒருவர் பேத்திக்கு வளையல் வாங்கினார். பேத்தி வந்து பார்த்து வருஷக்கணக்காகிறது. பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

கருவாட்டுக்கு அப்புறம் பிரச்சினை வந்தது. இல்ல வளாகத்தில் சைவம்தான் என்று ஒரு அறங்காவலர் கோபப்பட்டார். அவர் நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் அவர்கள், அது அவர்கள் வீடு என்று சொன்னேன். கடைசியில் பின்பக்கம் தனி அடுப்பு, தனிச் சட்டி, சந்தைக்குப் போய்வந்த மறுநாள் மட்டும் என்று முடிவானது. களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்ட அன்றைக்கு யாரும் சோற்றைத் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

நீங்கள் சொன்ன அந்த நாலு மணி நேரத்துக்கு என் யோசனை ஒன்றுதான்: பொருளுக்குப் போடும் பணத்தை ஆளுக்குப் போடுங்கள். பக்கத்து ஊரில் பொறுமையான, வாயாடத் தெரிந்த ஒரு பெண்ணை மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் வேலைக்கு வையுங்கள். அவருக்குக் கூட்டுகிற, துணி துவைக்கிற வேலை எதையும் கொடுக்கக்கூடாது. ஆள் குறைவு என்று சமையலுக்கு இழுத்துவிடுவார்கள், அதை நீங்கள் விடவே கூடாது. எங்களிடம் இருந்த பெண் தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையில் கோடு போட்டார். போன் நம்பர் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசவைத்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டார். தெலுங்கும் கன்னடமும் அவருக்குத் தெரியும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேர் அதுவரைக்கும் யாரோடும் பேசாமல் இருந்தார்கள், அவர்களை நாங்கள் மனநிலை சரியில்லாதவர்கள் என்று எழுதிவைத்திருந்தோம். தமிழ் வராததுதான் காரணம்.

தை, மாசியில் புளி வரும்போது கொட்டை எடுக்கிற வேலை கேட்டார்கள். அதையும் கொடுத்தோம், கூலியை அவரவர் கையில் கொடுத்தோம். கையில் நாலு காசு வந்தால் நடையே மாறுகிறது.

அப்புறம் கூத்து. நம் பக்கம் மாரியம்மன் பண்டிகை, பாரதக் கூத்து என்று விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஜனங்கள். ஒரு கூத்து ஜமாவைக் கூப்பிட்டு சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் ஆடச் சொன்னோம். அந்தக் கலைஞர்களுக்கு முழுக் கூலி கொடுங்கள், சேவை என்று பேசிக் குறைக்காதீர்கள். அவர்களும் கஷ்டத்தில் இருப்பவர்கள்தான். எங்களிடம் இருந்த ஒரு தாத்தா சின்ன வயதில் பின்பாட்டுப் பாடியவர் என்பதே அன்றைக்குத்தான் தெரியவந்தது. மத்தளக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், எழுந்திருக்கவே இல்லை.

டைல்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூடத்துக்கு வழவழ டைல்ஸ் போட்டு ஒரு ஆயா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த இல்லம் ஒன்று எனக்குத் தெரியும்.


பதில்: ஊர் கிருஷ்ணகிரி, வேலை அமெரிக்கா

காவேரிப்பட்டணம் அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் இங்கே ஒரு நர்சிங் ஹோமில் செவிலியராக இருக்கிறேன். இங்கே இருக்கும் ஒரு ஏற்பாடு உங்கள் திட்டத்துக்கு உதவலாம்.

இங்கே நர்சிங் ஹோம்களை அரசு ஆட்கள் வந்து சோதனை போடுவார்கள். கவனிப்பில் குறை இருந்தால் அபராதம் விதிப்பார்கள். அந்த அபராதப் பணத்தில் ஒரு பகுதி மாநிலங்களுக்குத் திரும்பி வந்து, நர்சிங் ஹோமில் இருப்பவர்களின் வாழ்க்கைத் தரத்துக்கான திட்டங்களுக்கே மானியமாகப் போகிறது. சிஎம்எஸ் என்ற மத்திய அமைப்பின் ஒப்புதல் வேண்டும். மறதி நோய் உள்ளவர்களுக்கு அவரவர் இளமையில் கேட்ட பாட்டை ஹெட்போனில் போட்டுக் காட்டுவது மாதிரி திட்டங்களுக்கு இந்தப் பணம் கிடைத்திருக்கிறது. 2020-ல் கொரோனாவில் உறவினர் யாரும் உள்ளே வரமுடியாதபோது, முகம் பார்த்துப் பேச டேப்லெட் வாங்க ஒரு இல்லத்துக்கு 3,000 டாலர் வரைக்கும் அனுமதித்தார்கள்.

அதில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். இல்லம் எதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறதோ அதற்கு இந்த மானியத்தை எடுக்கக்கூடாது. உங்கள் கம்பெனி அரிசி, கரண்ட் பில் கூடாது என்று சொன்னதும் அதே கணக்குதான். அறங்காவலர்களிடம் பேச இது உதவும்: வாசல் வளைவால் உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன மாறுகிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று. இங்கே 1987 சட்டத்தின்படி தங்கியிருப்பவர்கள் தங்களுக்குள் ஒரு மன்றம் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. சாப்பாடு, நேரம், குறை எல்லாவற்றையும் அங்கே பேசுவார்கள், நிர்வாகம் பதில் சொல்லியாகவேண்டும். நீங்கள் பெரிதாகச் செய்யவேண்டாம். மாதம் ஒரு நாள், ஊழியர் யாரும் இல்லாமல், அவர்கள் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து அடுத்த மாதம் பணத்தை எதற்குப் போடலாம் என்று பேசட்டும்.


பதில்: பெங்களூரில் மேஸ்திரி

என் அம்மா தர்மபுரிப் பக்கம் ஒரு இல்லத்தில் இருக்கிறார். விட்டுவிட்டு வந்தவன் என்று நினைக்காதீர்கள். தகர ஷெட்டில் பத்து பேரோடு தங்கியிருக்கிறேன், அங்கே அவரை வைத்துப் பார்க்க முடியாது.

புளி வேலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது. அக்கா நடத்தும்போது சரி. வேறு ஒருத்தர் கையில் போனால் உட்காரமுடியாதவர்களையும் உட்காரவைத்து வேலை வாங்குவார்கள். இஷ்டப்பட்டவர் மட்டும், இஷ்டப்பட்ட நேரம் மட்டும் என்று திட்டத்திலேயே எழுதுங்கள்.

என் வேண்டுகோள் ஒன்று. நான் சனிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து பஸ் ஏறினால் நடுராத்திரிக்கு வருவேன். தங்க இடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டு காலையில் போய்ப் பார்த்துவிட்டு, மதியமே கிளம்பவேண்டும். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு. ஒரு சின்ன அறை, இரண்டு பாய், ஒரு ஃபேன் போதும். பிள்ளைகள் வந்து ஒரு ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துவிட்டுப் போவோம். இப்படி இருந்தால் இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.


பதில்: அறக்கட்டளைக் கணக்கர், தர்மபுரி

கணக்கு வழக்கு பற்றி மட்டும் சொல்கிறேன்.

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி அவர்கள் இந்தப் பணத்தைத் தருகிறார்கள். முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு மையம் எல்லாம், எதற்கெல்லாம் பணம் தரலாம் என்று அந்தச் சட்டம் சொல்லும் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது, அதனால் சந்தேகம் வராது. உங்கள் அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் இருக்கவேண்டும், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் பதிவு செய்து எண் வாங்கியிருக்கவேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கம்பெனி பணம் தரமுடியாது. இந்த நிதிக்கென்று தனி லெட்ஜர் போடுங்கள். பணம் சொன்னபடி செலவானது என்று கம்பெனியின் நிதி அதிகாரி சான்று கொடுக்கவேண்டியிருப்பதால், உங்களிடம் ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள்.

துணைக்கு வைக்கும் பெண்ணின் சம்பளத்தைப் புதுப் பணியிடம் என்று தெளிவாக எழுதுங்கள். "ஏற்கெனவே இருக்கும் ஊழியர்" என்ற தடைக்குள் அது வராது. மாதம் 10,000 என்றால் வருடத்துக்கு 1,20,000. கழிவறைக்கு இரண்டரை லட்சம் வைத்தாலும், பெட்டி, வேன், கூத்து, விருந்தினர் அறை எல்லாவற்றுக்கும் இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

அடுத்த வருடத்துக்கு இந்தக் கம்பெனியை மட்டும் நம்பாதீர்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் அடல் வயோ அப்யுதய் யோஜனாவில் முதியோர் இல்லங்களுக்கு மானியம் உண்டு, 25 பேர் தங்கும் இல்லத்துக்கே தனி வரையறை இருக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பதிந்து, மானியத்துக்கான இ-அனுதான் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணம் வரத் தாமதமாகும், அதனால் இப்போதே ஆரம்பியுங்கள்.


கேள்வி கேட்டவர்: பாலக்கோடு இல்லப் பொறுப்பாளர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே இரண்டு மூட்டை கடலைக்காய் வாங்கிப் போட்டேன். முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது: காலை டீ ஆறரைக்குப் போடுகிறோம், அவர்கள் நாலு மணிக்கே எழுந்து டீக்காகக் காத்திருக்கிறார்கள். ராத்திரி வாட்ச்மேனிடம் ஃபிளாஸ்க் கொடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன், அதற்கு நிதியே தேவைப்படவில்லை.

மேஸ்திரி அண்ணா, உங்கள் அறையைத் திட்டத்தில் எழுதிவிட்டேன். ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

காவேரிப்பட்டணம் அக்காவிடம் ஒரு கேள்வி. நிதி முடிந்த பிறகு அந்தப் பெண்ணின் சம்பளத்தை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? ஒரு வருடம் பழகிவிட்டு நிறுத்தினால் முன்பைவிட மோசமாகிவிடுமே.


பதில்: காவேரிப்பட்டணத்துக்காரி

சரியான கேள்வி. பிறந்த நாள், நினைவு நாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களிடம் பேசினோம். ஒரே நாளில் மூன்று பேர் வடை பாயசம் போடுவார்கள், சுகர் இருப்பவர்களுக்கு மறுநாள் ஆஸ்பத்திரி. அப்படி ஒரு சாப்பாட்டுச் செலவை அந்தப் பெண்ணின் சம்பளத்துக்குக் கொடுக்க முடியுமா, அல்லது ஒரு சந்தை வேனுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டோம். பாதிப் பேர் மறுத்தார்கள், அன்னதானம்தான் புண்ணியம் என்று. மீதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். வேனில் கூடவே வந்த ஒரு குடும்பம் அடுத்த வருடமும் தானாகக் கூப்பிட்டுக் கேட்டது. ஆறாவது மாதத்திலேயே இந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள், நிதி முடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நன்கொடையாளர்களைச் சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் பரிமாறிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.